நீர்க்கழிவு

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
நான்கு தேயிலை ஃபேக்டரிக்கும் நான்தான் கணக்கு.
ஒருவர் இலை விலை அடுத்தவருக்குத் தெரியாமல்
நான்கு ரகசியங்களை ஒரே கைப்பையில் வைத்து
கோத்தகிரி பஸ்ஸில் போய்வருகிறவள்.

அன்று நான்கு முதலாளிகளும் ஒரே பெஞ்சில்.
சங்கத்து மாடி அறை.
கட்டபெட்டுப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்து
ஜன்னல் கண்ணாடியில் முகம் வைத்தது.

பொருள்: டிரையருக்கு இனி மரம் எரிப்பதில்லை.
காட்டை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடியை
வெட்டி, உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி எரிப்பது.
தனியாக எவராலும் ஆகாது;
எந்திரம் ஒன்று, கொட்டகை ஒன்று, கடன் ஒன்று.
இதுவரை சரியாகத்தான் எழுதினேன்.

"இருபது வருஷமா இவரோட இலைக்குச் சண்டை.
இப்ப நெருப்புக்குப் பங்காளியா?"
என்றார் பெள்ளிராஜ்.
ஹாலன் சிரித்தார்.
பங்காளி என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே
காய்ச்சலும் குடியிருப்பதை
நான் குறிப்பில் ஏற்றவில்லை.

கொச்சியிலிருந்து வந்த கொள்முதல்காரர்
பாக்கெட்டில் பச்சை முத்திரை போடலாம் என்றார்.
கப்பல் ஏறும் சரக்குக்கு அது நல்ல பெயராம்.
"அந்தப் பேருக்கு, இலை கிலோவுக்கு
எவ்வளவு கூடக் கிடைக்கும்?"
அரை ஏக்கர்க்காரி நஞ்சி கேட்டாள்.
அவர் போனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.
எழுதினேன்:
கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார் சன்னாசி.
பதினெட்டு வருஷமாக அடுப்பு வாய்.
புருவத்தில் பாதி எப்போதோ போய்விட்டது.
"மரம் எரிஞ்சா என்ன, செடி எரிஞ்சா என்ன,
உள்ள தள்ள ஒரு ஆள் வேணும்னு இருந்தேன்.
பெல்ட்டே தள்ளுமாமே?"
அறுபது பக்கத் திட்ட அறிக்கை.
புரட்டினேன்.
பெல்ட் இருந்தது, படத்தோடு.

பிறகு மருதி, கீழ்ச்சரிவு இருளர் ஊரிலிருந்து.
"வெட்டுறோம். வேரோட பிடுங்கணும்,
இல்லாட்டி அடுத்த மழைக்கு எந்திரிச்சு நிக்கும்.
அதுவும் செய்றோம்.
தராசு மட்டும் எங்க ஊர்ல இருக்கட்டும்."

யாரும் பேசவில்லை.
மழை நாளில் இலைக்கு நீர்க்கழிவு,
நூறுக்குப் பத்து.
வெயில் நாளிலும்,
பழக்கத்தில், ஐந்து.
அறையில் எல்லாருக்கும் தெரியும்.
கழித்து எழுதுகிற கை
பேனாவோடு மேஜைமேல் இருந்தது,
என்னுடையது.

விவாதம் நீண்டது.
"சம்பளம் குறையாமல்" என்ற இரண்டு சொல்
தீர்மானத்துக்குள் வந்தது, போனது,
டீ வந்தபோது திரும்ப வந்தது.
அவர்கள் ஏலக்காய் பிஸ்கட்டில் இருக்கையில்
மையில் எழுதிவிட்டேன்.
தராசு மருதி ஊரில்.
சன்னாசிக்கு எந்திரத்தில் ஆறுமாதப் பயிற்சி,
சம்பளம் குறையாமல்.
வாசித்துக் காட்டியபோது
ஹாலன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.
மறுக்கவில்லை.

மூன்று கையெழுத்து.
நான்காமவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே
வீட்டில் கேட்கணும் என்று எழுந்துபோனார்.

இறங்கி வந்தேன்.
கற்பூர மரம் ஏற்றிய லாரி ஒன்று
கொண்டை ஊசி வளைவில் முனகிக்கொண்டு திரும்பியது,
இன்றிரவு டிரையருக்கு.
கட்டைகளின் மேல் ஆறு பேர்,
தலையில் சாக்கு.
ஒருவன் என்னை அடையாளம் கண்டு கையசைத்தான்.
மரம் நின்றால் இவர்களும் நிற்பார்கள்.
கூட்டத்துக்கு யாரும் இவர்களை அழைக்கவில்லை;
அழைப்புக் கடிதங்களைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

பஸ் நிறுத்தத்து விளக்கடியில்
நோட்டைத் திறந்தேன்.
கடைசித் தீர்மானத்துக்கும்
முதல் கையெழுத்துக்கும் நடுவே
எவ்வளவு இடம் என்று
விரலால் அளந்து பார்த்தேன்.

நெருக்கி எழுதினால்
நான்கு வரி பிடிக்கும்.