எதிர்பாராதவை: ஐந்து வீதம்

குருநகர் ஐஸ் ஆலைக்குப்
பத்தாண்டு நிதித்திட்டம் எழுதச் சொன்னார்கள்.
இரண்டாயிரத்து முப்பத்தைந்து என்று ஒரு கட்டத்தில் தட்டினேன்.
கணினி மறுப்புச் சொல்லவில்லை.
அப்படியொரு ஆண்டை
இந்த ஊரில் நான் உரக்கச் சொன்னதில்லை.

பொதுக்கூட்டத்தில் வின்சிலாஸ் எழும்பினார்.
"கொம்பிறசர் ஓடுதுதானே பிள்ளை.
ஓடுற மிசினுக்கு ஏன்
மாதம் ஒண்டரை லட்சம் செத்தவீட்டுக் காசு கட்டுறாய்?
பங்குலாபமாய்த் தா. நத்தார் வருகுது."
பின்வரிசை கைதட்டியது.
தேய்மானம் என்ற சொல்லை
மூன்று விதமாய் விளக்கினேன்.
மூன்றும் பிழைத்துப்போயின.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு கோப்பு கிடக்கிறது.
நின்றுபோன ஆலையைத் திரும்ப ஓட்ட
தொண்ணூற்று நான்கில் போட்ட ஐந்தாண்டுத் திட்டம்.
பொருளாளர் நீக்கிலாப்பிள்ளையின் சாய்ந்த எழுத்து.
மண்ணெண்ணெய்க்கு ஒரு வரி, உப்புக்கு ஒரு வரி,
அடியில்,
'எதிர்பாராதவை: ஐந்து வீதம்'.
இரண்டாம் ஆண்டு ஒக்ரோபர்வரை எண்கள்.
பிறகு
கோடு மட்டும் போட்ட பக்கங்கள்.

ஆனால் மனிசன் கெட்டிக்காரன்.
ஒதுக்குநிதியை முன்கூட்டியே
கொழும்புக் கிளையில் நிலையான வைப்பில் போட்டிருந்தார்.
ஊர் திரும்பியபோது காசு பத்திரமாய் இருந்தது,
வட்டிக்கு வட்டி ஏறி, ஒரு சதம் குறையாமல்.
கொண்டுபோய் விலை கேட்டார்கள்.
கொம்பிறசருக்கென்று சேர்த்தது
அதன் மோட்டாருக்கே காணவில்லை.

இதைச் சொன்னேன்.
கொஞ்சநேரம் மின்விசிறிச் சத்தம்.
மூலையிலிருந்து எமில்டா,
மூன்று வாடிக்குச் சொந்தக்காரி, கூட்டங்களில் வாய் திறவாதவள்:
"அப்ப ரூபாயிலை சேமிக்கிறது
ஐஸைச் சாக்கிலை கட்டி வைக்கிற மாதிரி.
ஆரும் களவெடுக்கேல்லை.
ஆனா விடியப் பாத்தா ஈரச் சாக்கு."
கூட்டக் குறிப்பில் அதைத்
தீர்மானம் என்ற இடத்தில் எழுதிவிட்டேன்.

பிறகு ஒரே இரைச்சல்.
தங்கம் என்றார்கள், டொலர் என்றார்கள்,
கோண்டாவிலில் ஒரு காணி என்றார் ஒருவர், அது மச்சானுடைய காணி.
கடைசியில் வின்சிலாஸ்தான்,
"கொம்பிறசராவே வாங்கி, கிறீஸ் பூசி, உள்ளுக்குப் பூட்டி வைப்பம்.
பங்குலாபம் பாதி போதும்."
கைகள் உயர்ந்தன. எண்ணினேன். அறுபத்திரண்டு.

எதிர்பாராதவைக்கு எவ்வளவு?
ஐந்து என்றேன்.
சிரித்தார்கள்.
"நாப்பது போடு" என்றது ஒரு குரல்.
நாற்பது போட்டால் திட்டத்துக்கு எதுவும் மிஞ்சாது.
பேரம் பேசி, மீன் ஏலத்தைப்போல,
பதினேழில் வந்து நின்றது.
'கணிப்பின் அடிப்படை' என்று கேட்கும் பத்தியில்
என்ன எழுதுவது?
'பொதுக்கூட்டம்' என்று எழுதினேன்.

இரவு, கடைசிக் கட்டத்தில்
முப்பத்தைந்தாம் ஆண்டின் மீதி
எட்டு இலக்கத்தில் நிமிர்ந்து நின்றது.
அதன் கீழே பென்சிலால் ஒரு வரி:
அன்றைய விலையில் சரிபார்க்கவும்.
யார் என்று எழுத இடமிருந்தது.
விட்டுவிட்டேன்.