கறுப்பு மை இன்னும் கொஞ்சம்

பால்டிமோர். அச்சகத்தில் இரவு பதினொரு மணி.
முதல் இதழின் அட்டையை நீட்டுகிறான் அச்சுக்காரன்:
"முகம் இருட்டடித்தது. கொஞ்சம் வெளுத்துவிட்டேன்."

ரெனெட்டா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள்.
அட்டையில் வெர்டெல் பூன்.
பதினாலு படம், கையில் தட்டோடு.
ஒன்றில் மட்டும் கதவு திறந்தாள்.
விளக்கெல்லாம் பக்கத்தில் நின்றவளுக்கு;
பெயர்ப்பட்டியலில் 'வேலைக்காரி'.

"திரும்ப அடி."
"ஐந்நூறு அட்டை வீணாகும், அம்மா."
"ஆகட்டும்."
அடுத்த மாத வாடகை அது.
டோயா ஒன்றும் சொல்லவில்லை,
கணக்கு நோட்டை மட்டும் மூடி
அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள்.

இயந்திரம் மறுபடி இரைகிறது.
ஈரம் காயாத தாளில்
வெர்டெல் தன் நிறத்துக்குத் திரும்பி வர
அச்சுக்காரன் குனிந்து பார்க்கிறான்:

"அட,
கன்னத்தில் குழி விழுகிறதே."