பதினெட்டு டன் நானூறு

பகாவ் தாண்டி ஆறாவது மைலில்
செம்பனை ஆலையின் எடைமேடை.
ஓரத்துக் கண்ணாடி அறையில்
நான் எழுதிய நிரல்
வெளுத்துப்போய் நின்றது.

சுட்டி அசைகிறது. சாளரம் மட்டும்
கோபித்துக்கொண்ட சம்பந்தி போல
முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது.
தலைப்பில் "பதிலளிக்கவில்லை" என்று ஒரு வரி.
அதுகூட நான் எழுதியதில்லை.

கஸ்தூரி அக்கா பொத்தானைப்
பதினொரு முறை அழுத்தியிருந்தார்.
உயிர் வந்ததும் ஒரே லோரிக்குப்
பதினொரு ரசீதைக் கக்கியது அச்சுப்பொறி.
வெளியே இன்னும் ஏழு லோரி.
நேற்று வெட்டிய குலை.
பழம் சும்மா காத்திருப்பதில்லை,
நிற்க நிற்க அமிலம் ஏறும், விலை இறங்கும்.
ஹோர்ன் அடிக்கிறவர் கோபத்துக்குக்
கிலோ கணக்கு உண்டு.

தவறு என்னுடையதுதான்.
தராசோடு பேசுவது வேறொரு நிரல்,
பழைய பெட்டிக்குள் கிடப்பது.
"எவ்வளவு?" என்று அதைக் கேட்டுவிட்டு
அங்கேயே நின்றுவிட்டது என்னுடையது.
கல்லாவில் இருக்கிறவனே
கிடங்குக் கதவைத் தட்டப் போனால்
வாசலில் வந்தவரை
வாங்க என்று சொல்ல யார்?

மீ கோரெங் ஆறிப்போகும்வரை
அதைப் பிரித்தேன்.
காத்திருக்கப் பின்னால் ஓர் இழை.
முன்னால் நிற்கிற இழைக்குக்
காத்திருக்க அனுமதியே கிடையாது.
தொட்டால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.
"தராசு யோசிக்கிறது" என்று ஒரு வரி,
பக்கத்தில் "விடு" என்று ஒரு பொத்தான்.

எத்தனை நொடி பொறுக்கலாம் என்றேன்.
"அஸ்மான் சிகரெட் பத்தவச்சு
ரெண்டு இழுப்பு."
நாற்பது என்று போட்டேன்.

மூன்று மணிக்குத் தராசு மறுபடி மௌனம்.
திரை வெளுக்கவில்லை.
எனக்குள் ஒரு சின்ன மேளம்.
அக்கா "விடு" அழுத்தினார்,
அஸ்மானை ஓரமாய் நிற்கச் சொன்னார்.
அடுத்து ஏறியது குணாளனின் குட்டி லோரி,
கால்வாசிச் சுமையோடு.
எவ்வளவு?
பதினெட்டு டன் நானூறு.

குணாளன் இறங்கி வந்து
திரையைப் பார்த்தான், லோரியைப் பார்த்தான்.
"வண்டியோட சேர்த்துக் கடைத்தெருவையே ஏத்தினாலும்
அவ்ளோ வராதுக்கா. வாங்கிக்கவா?"

அது அஸ்மானின் எடை.
நாங்கள் விட்டுவிட்ட கேள்விக்குப் பதில்.
வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்ததை
பெட்டிக்குள் இருப்பவனிடம் யாரும் சொல்லவில்லை.
அவன் பாட்டுக்கு நிதானமாய்
எடை போட்டுக் கொண்டுவந்து
வாசலில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டான்.

இனி ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண், அக்கா.
பதிலும் அதே எண்ணோடு வரணும்.
எண் பழசா, தூக்கி எறிஞ்சிடலாம்.

அக்கா சிரித்தார்.
மேசைக்கடியில் எதையோ காலால் தட்டினார்.
பிரிக்காத அட்டைப்பெட்டி.
"ஃபேன் கேட்டு ஆபீசுக்கு எழுதினேன்.
ஏர்கோன் மாட்டி ரெண்டு வருசம்.
போன மாசம் வந்து சேர்ந்துச்சு இது."

எறியலையா?

"ஏன்? கால் வைக்க நல்ல உயரம்."

"எறி" என்ற வரியை அழித்தேன்.
"ஓரமாய் வை" என்று எழுதினேன்.
வெளியே ஓரமாய் அஸ்மான்.
சிகரெட் எப்போதோ முடிந்திருந்தது.
அவர் எடை எங்களிடம்தான் இருந்தது.