நூற்றுப் பன்னிரண்டாம் புள்ளி

பிப்ரவரி பதினான்கு, காலை பத்தே முக்கால்.
மேகம் நான்கு விழுக்காடு.
பழனி மலைக்கு இப்படியொரு நாள் வாய்ப்பதே அபூர்வம்.
மற்ற மாதங்களில் செயற்கைக்கோள் எனக்கு அனுப்பியதெல்லாம்
பஞ்சுப்பொதி.

திரையில் காடு சிவப்பாக இருக்கும்.
நம் கண்ணுக்கு எட்டாத ஒளியைத்தான்
இலை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்று
ஜீப் ஓட்டும் செபஸ்தியானுக்கு விளக்கினேன்.
"அப்ப மலை பூரா தீப்பிடிச்ச மாதிரில்ல இருக்கு"
என்றார்.
அன்றிலிருந்து எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

மலையை ஏழாகப் பிரித்திருக்கிறேன்.
சோலைக்கு ஒன்று, புல்வெளிக்கு இரண்டு,
வாட்டில் மரத்துக்கு மூன்று என்று போய்
தண்ணீருக்கு ஏழில் முடியும்.
எட்டு கிடையாது.
எதுவாக இருந்தாலும் இந்த ஏழுக்குள்தான் இருக்க வேண்டும்.

பிறகு கணினி நூற்றைம்பது புள்ளிகளைத்
தானியம் இறைப்பதுபோல் வரைபடத்தின்மேல் இறைத்தது.
ஒவ்வொன்றிலும் போய் நின்று
அது சொன்னது சரியா என்று பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் புள்ளியைத் தண்ணீர் என்றது.
மன்னவனூர்ப் பக்கம், காலை வெயிலில்
ஒரு குன்றின் நிழல்.
மதியம் அந்தக் குளம் வற்றி
கேரட் தோட்டம் வெளியே வந்தது.

முப்பத்தொன்றைக் கட்டடம் என்றது.
பூம்பாறையில், பூண்டு எடுத்து முடிந்த வெறும் மண்.
களை பொறுக்கிக்கொண்டிருந்த வேலம்மாள்
அடுக்கடுக்காய் இறங்கும் வயலைக் காட்டிச் சிரித்தாள்:
"வீடு எங்கம்மா இருக்கு,
மாடிப்படி மட்டும்தான் இருக்கு."

ஐம்பத்தெட்டுக்கு நான் போகவில்லை.
செங்குத்துப் பாறை. சாலையிலிருந்து
தொலைநோக்கியில் பார்த்து எழுதிக்கொண்டேன்.
இதை ஆய்வேட்டில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

நூற்றுப் பன்னிரண்டு, கவுஞ்சிக்கு அப்பால்.
கணினி சொன்னது மூன்று, வாட்டில்.
தலைக்குமேல் மஞ்சள் பூ, சந்தேகமே இல்லை.
பேனாவைத் திறந்துவிட்டேன்.
வேட்டைத் தடுப்புக் காவலர் தவசி
"காலடியப் பாத்து வைங்க" என்றார்.
பாம்பென்று நினைத்துத் துள்ளினேன்.

கன்றுகள்.
முழங்கால் உயரத்தில் சோலை மரக் கன்றுகள்.
ஒன்று நாவல் சாதி. இன்னொன்றுக்கு
அவர்கள் ஆட்கள் வைத்த பெயரைச் சொன்னார்,
எனக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை.
பத்துக்குப் பத்து மீட்டரில் எண்ணினோம், நாற்பத்தொன்று.
வேற்று நாட்டு மரத்தின் நிழலில்
சோலை திரும்பி வந்துகொண்டிருந்தது,
யாரிடமும் சொல்லாமல்.

"மேலேருந்து இது தெரியாதுல்ல?"
"தெரியாது."
"அப்ப நல்லது."
மூன்று என்று வந்த இடமெல்லாம்
வெட்டும் பட்டியலுக்குப் போகும் என்றேன்.
தவசி ஒன்றும் சொல்லவில்லை.
காதில் செருகிய பீடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
அங்கேயே விட்டுவிட்டார்.

படிவத்தில் ஒரு கட்டம், ஓர் எண்.
திணைமயக்கம் என்றொரு சொல்லை
கல்லூரியில் ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படித்தேன்.
அணி என்றால் உவமை, உருவகம் என்று
பள்ளியில் படித்தேன்.
இப்போது என்னிடம் இருப்பது குழப்ப அணி:
ஏழுக்கு ஏழு கட்டம்,
எதை எதுவென்று தவறாகப் பார்த்தோம் என்ற கணக்கு.

மூன்று என்று எழுதினால் அது பொய்யில்லை.
ஒன்று என்று எழுதினால்
வரைபடத்தில் ஓர் இலைகூட நிறம் மாறாது.
அந்த வரைபடத்தின்மேல் உள்ள நம்பிக்கைதான்
கொஞ்சம் குறையும்.

பனி ஏறி வந்து
தவசியின் தொப்பியை முதலில் அழித்தது.
நான் ஒன்று என்று எழுதினேன்.

"எண்பத்தாறு புள்ளி ஏழு வந்திருக்க வேண்டியது,
எண்பத்தாறில் நிற்கிறதே,
எவ்வளவும்மா குறைஞ்சது?" என்று கேட்டார் பேராசிரியர்.

முழங்கால் உயரம் சார், என்றேன்.