மறுகை

மஸ்கீகனில் பனி கொட்டிய சனிக்கிழமை,
காலை எட்டரை.
பவுலிங் கூடத்தின் பின்னறையில்,
பிறந்தநாள் விருந்துக்குப் போடும் நீள மேசையைச் சுற்றி
பதினொரு பேர்.
யாருடைய ஏழாவது வயதோ,
ஒரு பலூன் இன்னும்
கூரையை விட்டு இறங்கவில்லை.

முதலில் படிவங்கள்.
குடியிருந்த வீடுகளின் முகவரி எல்லாம்.
என்மேல் வழக்கு உண்டா என்று
அரசாங்கம் தேடிப் பார்க்கச் சம்மதம்.
பிள்ளையோடு பூட்டிய அறையில் இராதே.
பின்னிரவில் குறுஞ்செய்தி அனுப்பாதே.
தோளைத் திருத்த வேண்டுமா,
தொடும்முன் கேள்.

பள்ளிக்கூடச் சமையலறையில்
பத்தொன்பது வருஷமாய்த் தட்டு நிரப்புகிறேன்.
தலையைத் தட்டிக்கொடுக்கட்டுமா என்று
ஒரு குழந்தையைக்கூடக் கேட்டதில்லை.
வில்மா ஓஸ்டர்ஹவுஸ் என்று கையெழுத்துப் போடுகையில்
பேனா பாதியில் நின்று
பிறகு நகர்ந்தது.

நான் வந்த காரணம் பெரிதொன்றுமில்லை.
எங்கள் சிறார் குழுவின் பயிற்சியாளர்
வேலை மாறி டுலூத் போய்விட்டார்.
சான்றிதழ் உள்ள ஆள் இல்லாவிட்டால்
சனிக்கிழமை ஆட்டம் கிடையாது.
யாராவது முன்வாருங்கள் என்றார்கள்.
பெற்றோர் அத்தனை பேரும் தரையைப் பார்த்த நேரம்
நான் காபி குடிக்க அண்ணாந்திருந்தேன்.
அவ்வளவுதான்.

எதிரே லாயல் ஹூக்ஸ்ட்ரா.
முந்நூறு அடித்தவர்.
பன்னிரண்டு வீச்சு, பன்னிரண்டிலும்
ஒரு பின் மிச்சமில்லை.
விரலில் அதற்கான மோதிரம்.
பாடப்புத்தகத்தைக் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தார்.

வகுப்பெடுத்த மாரிட்டுக்கு
அவர் வயதில் பாதிகூட இராது.
"நாலடி நடையில்
பந்து எந்த அடியில் முன்னால் போகும்?"
லாயல் வாயைத் திறந்தார். மூடினார்.
எழுந்து, பலூனுக்குக் கீழே,
பந்தில்லாத கையோடு நடந்து பார்த்தார்.
மறுபடி நடந்தார்.
"காலுக்குத் தெரியும்," என்றார்,
"வாய்க்குத்தான் தெரியாது."

மதியம் பீட்சா. எண்ணெய்க் கை கழுவி லேனுக்கு வந்தோம்.
"மறுகையால் வீசுங்கள்."
அவ்வளவுதான் சொன்னாள் மாரிட்.

லாயலின் இடது கையில் பந்து
வேறு யாருடைய குழந்தையோ போலத் தொங்கியது.
கடைசி அடியில் எந்தக் கால் என்று குழம்பி
இரண்டையும் வைத்தார்.
பந்து பாதி லேன்கூடப் போகவில்லை,
ஓரப்பள்ளத்தில் விழுந்து
சாவகாசமாய் உருண்டு மறைந்தது.

சும்மா இருப்போமா நாங்கள்?
முழங்கையை மடக்காதே, தோளைத் தாழ்த்து,
அம்புக்குறியைப் பார், பின்னைப் பார்க்காதே,
இடுப்பு, மணிக்கட்டு, கட்டைவிரல்.
இரண்டாம் பந்தும் பள்ளம். மூன்றாவது
பக்கத்து லேனையே எட்டிப் பார்த்தது.

மாரிட் பலகையில் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள்.
பதினாலு அறிவுரை.
"எட்டு வயசுப் பிள்ளை இதில் எதைக் கேட்கும்?"
பின் அடுக்கும் இயந்திரம் மட்டும் பேசியது.
"ஒன்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்று."

அவருடைய கையை நான் பார்க்கவில்லை.
ததும்பும் சூப்போடு மேசை தேடும் பிள்ளைகளை
நாள்தோறும் பார்க்கிறவள் நான்.
அதே கழுத்து. அதே உப்பிய கன்னம்.

"மூச்சை விடு, லாயல்."

விட்டார். எங்களுக்கே கேட்டது.
பந்து தயங்கித் தயங்கிப் போய்
வலது மூலையில் சாய்த்தது,
மூன்று பின்.
வெறும் மூன்று.

முந்நூறு அடித்த மனிதர்
சட்டெனத் திரும்பினார்,
யாராவது பார்த்தார்களா என்று.

தேர்வில் எனக்கு இரண்டு கேள்வி தப்பு.
பந்தின் எடைக் கணக்கு ஒன்று, இன்னொன்று மறந்துவிட்டது.
சான்றிதழ் அஞ்சலில் வரும்,
மூன்று வருஷம் செல்லும்.

வெளியே வந்தால் வண்டிகளெல்லாம் வெள்ளை.
இரண்டு வண்டி தள்ளி லாயல்,
கண்ணாடியில் உறைந்த பனியைச்
சுரண்டிக்கொண்டிருந்தார்
இடது கையால்,
ரொம்ப மெதுவாக.