பதினான்கு நாள் இலவசம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கிறது.
கைப்பேசியில் மின்னஞ்சல்:
‘இந்த வாரம் உங்கள் குழுவின் வேகம் பூஜ்யம்.’
எனக்கு முன்னால் மீன்பாடி வண்டி,
அதற்கு முன்னால் டாங்கர்,
அதற்கும் முன்னால் சரக்கு ரயில்.
நாற்பத்திரண்டு பெட்டி எண்ணிவிட்டேன்,
இன்னும் வால் தெரியவில்லை.

மண்ணடியில், பேரிங் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஐந்து பேர், நான்கு நாற்காலி.
துறைமுகத்துக்கு வெளியே காத்துக்கிடக்கும்
கன்டெய்னர் லாரிகளுக்கு
டோக்கன் கொடுக்கும் செயலி செய்கிறோம்.

யாருக்கு எந்த வேலை என்பது முன்பு சுவரில் இருந்தது.
மஞ்சள் சீட்டுகள்.
கடல்காற்றில் பசை விட்டு
ராத்திரியில் ஒவ்வொன்றாக உதிரும்.
காலையில் பெருக்க வரும் எஸ்தரம்மா
கண்ட இடத்தில் ஒட்டிவிட்டுப் போவார்.
அப்படி ஒருமுறை
தொடங்காத வேலை முடிந்திருந்தது,
முடிந்த வேலை மறுபடி தொடங்கியிருந்தது.
இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கருவி தேடினோம்.

முதல் கருவியில் இல்லாதது இல்லை.
காவியம் என்று ஒரு கட்டம்,
காவியத்துக்குள் கதை, கதைக்குள் கிளைக்கதை.
“லாரிக்கு டோக்கன் குடுக்க
காவியம் எதுக்கு?” என்றாள் ஹாஜிரா.
ஒரு சீட்டு திறக்கப் பதினேழு கேள்வி.
தந்தை பெயர் மட்டும்தான் கேட்கவில்லை.

இரண்டாவது, கண்ணைப் பறிக்கும்.
வேலையை முடிந்த பக்கம் இழுத்தால்
திரையில் காகிதப்பூ கொட்டும்.
புத்தமித்ரன், சோதித்துப் பார்க்கத்தான்,
மொத்த வேலையையும் ஒரே இழுப்பில் முடித்தான்.
எதிர்மாடி லாட்ஜில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்
ஜன்னல் வழியே கை தட்டினார்.
ஆளுக்கு மாதம் பத்து டாலர்.
“எஸ்தரம்மாவையும் சேத்தா?”
என்று கேட்டார் முதலாளி ஏகாம்பரம்.
அவர் சிரிக்கவில்லை.
யோசித்தால், எங்களில் சீட்டுகளை
அதிகம் நகர்த்தியது அந்தம்மாதான்.

மூன்றாவது சாம்பல் நிறம்.
மூன்று பத்தி, அடியில் எழுத ஒரு வெற்றுப்பெட்டி.
“ரேஷன் கார்டு மாதிரி கீது.”
யாருக்கும் பிடிக்கவில்லை.

பிரிட்டோவிடம் ஒரு சீட்டு இருந்தது:
‘ரத்தான டோக்கனைத் திரும்ப வரிசையில் சேர்த்தல்.’
சுவரில் அது ஓரம் சுருண்டு கிடந்தது.
முதல் கருவியில் தொண்ணூறு சதவீதம்.
இரண்டாவதில் பச்சை.
தினமும் காலை நின்றபடி பேசும் பத்து நிமிடத்தில்
“கிட்டத்தட்ட முடிஞ்சிச்சு” என்பான்,
பார்வை பேரிங் கடைப் பலகை மேல் இருக்கும்.
நானும் தலையாட்டுவேன்.
தலையாட்டுவதுதான் என் வேலை என்று
நினைத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

சாம்பல் கருவியில் சதவீதம் இல்லை, பச்சை இல்லை.
பதின்மூன்றாம் நாள், இரவு ஒன்று நாற்பதுக்கு
அந்த வெற்றுப்பெட்டியில் எழுதியிருந்தான்:
‘எனக்கு இது புரியல. மூணு வாரமா புரியல.
ரத்தானவன் எங்க நிக்கணும்,
பழைய எடத்துலயா, கடைசிலயா?
யாரும் சொல்லவே இல்ல.’

யாரும் சொல்லவில்லைதான்.
நான்தான் அந்தச் சீட்டை எழுதியவள்,
எனக்கும் தெரியாது.

மறுநாள் நானும் அவனும்
எண்ணூர் விரைவுச் சாலையில் இறங்கினோம்.
விரைவு என்பது பெயரில்.
லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்து
காராமணி வேகவைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர்,
செல்லப்பாண்டி, கரண்டியை வைக்காமலே சொன்னார்:
“கடைசிலதான் நிக்க வைப்பீங்க, தெரியும்.
ஏன் ரத்தாச்சுன்னு ஒரு வரி அனுப்புங்க.
இங்க ரெண்டு நாளா அதுகூடத் தெரியாம நிக்கிறோம்.”

பிரிட்டோ அங்கேயே, சக்கரத்தில் சாய்ந்தபடி,
சீட்டை இரண்டாகக் கிழித்தான்,
கைப்பேசியில்தான்.
ஒன்றை அன்று மாலையே முடித்தான்.
காகிதப்பூ எதுவும் கொட்டவில்லை.

சாம்பல் நிறத்துக்கே பணம் கட்டினோம்.
ஐந்து பேருக்கு. ஏகாம்பரம் சாருக்கு இன்னும்
கடவுச்சொல் நினைவில் நிற்பதில்லை.
விலக்கிய முதல் கருவிதான்
வாரம் தவறாமல் எழுதுகிறது:
வேகம் பூஜ்யம், வேகம் பூஜ்யம், திரும்பி வாருங்கள்.

வால் வந்துவிட்டது. கேட் ஏறுகிறது.
பாதி ஏறும் முன்பே
மீன்பாடி வண்டி குனிந்து நுழைகிறது,
டாங்கரைத் தாண்டி,
எந்த வரிசையிலும் இல்லாமல்.