கழித்தல் ஐந்து

தாள்படி அது செத்துப் பதினோரு வருஷம்.
தலைமை அலுவலகச் சரக்கேட்டில்
அதன் எண்மேல் சிவப்புக் கோடு.
கோட்டுக்கு அடியில் கிடந்தபடி
மணிக்கொரு தரம்
கணவாயின் பனியை அளந்து சொல்கிறது.

மேலே கம்பத்தில் கட்டிய கருவியின் பேச்சு
இதற்கு மட்டும்தான் விளங்கும்.
உள்ளே ஒரு நீள அட்டை, அர்காதி பொருத்தியது.
நிரலும் அவர் எழுதியதே.
நோவோசிபிர்ஸ்க் போகும்போது
முகவரி கொடுத்தார். மூல நிரலைக் கொடுக்கவில்லை.

அக்டோபரில் முதல் அடம்.
பொத்தானை அழுத்தினால்
விசிறி ஒரு துடி துடித்து நின்றுவிடும்,
தும்மல் வந்து வராமல் போன முகம்போல.
பவர் சப்ளையைத் திறந்தேன்.
ஆறு மின்தேக்கிகள், வயிறு உப்பி.
ஒன்றின் உச்சி பிளந்து பழுப்பாய்க் கசிந்திருந்தது.
கெட்ட மீன் வாடை,
எந்தக் கடலுக்கும் வழியில்லாத நாரின் ஊரில்.

"புதுசு வாங்கேன்" என்றான் எசென்தூர்,
தபால் லாரிக்காரன்.
வாங்கினேன். பிஷ்கெக் வரை ஆறு மணி நேரம்,
தொர்தோய் சந்தை, கப்பல் பெட்டிக் கடைகளில் ஒன்று.
மாட்டியதும் விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது, திரை வந்தது.
அட்டை மட்டும் ஊமை.

பழையதில் ஒரு வெள்ளைக் கம்பி உண்டு,
கழித்தல் ஐந்து வோல்ட்.
புதியதில் அந்த இடம் காலிக் குழி.
"அதையெல்லாம் இப்போ யார் கேட்கிறாங்க?"
கடைக்காரன் போனில் சிரித்தான்.
பூஜ்யத்துக்கும் கீழே ஐந்து படி.
அங்கிருந்துதான் மலை பேசுகிறது, நான் என்ன செய்ய?

நாலைப் பிடுங்கி நாலை வைத்தேன்.
இரண்டு செத்த டிவியிலிருந்து,
இரண்டு எதிலிருந்து என்று சொல்லமாட்டேன்.
மீதி இரண்டுக்கு அளவு கிடைக்கவில்லை.
பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கடிக்கும்;
இடது கட்டைவிரலில் அத்தாட்சி இருக்கிறது.
பிறகு இரண்டு மொழியில் எழுதி ஒட்டினேன்:
அணைக்காதே.

ஜனவரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.
ஊரே ஹீட்டர் போட, மின்சாரம் இளைத்து
நூற்று எழுபது ஆகி,
ஒரு ராத்திரி நாற்பது நிமிஷம் இல்லாமலே போனது.
திரும்பி வந்தபோது பெட்டி ஜில்லிட்டிருந்தது.
அழுத்தினேன். ஒன்பது தரம்.
கீழே தடுப்புக் கட்டையில் பதினோரு லாரிகள்
எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தன.
சாயங்காலத்திலிருந்து விடாமல் பனி.

புருல்ச்சாவின் கதவைத் தட்டினேன்.
முடி திருத்துகிறவள்.
ஹேர் டிரையரை என் கையில் தரமாட்டாளாம்,
தானே வந்தாள்,
இரவு உடுப்பின்மேல் கோட்டு, காலில் கம்பளி பூட்ஸ்.
கெட்டுப்போன அந்த இரண்டின் தலையிலும்
சூடாக ஊதினாள்.
"கல்யாணப் பெண்ணுக்கே இவ்வளவு நேரம் ஆகாது."

டிரையர் ஓடினால் மீட்டர் நூற்று ஐம்பதுக்கு விழும்,
பெட்டி எழாது.
நிறுத்தினால் மின்சாரம் ஏறும், சூடு இறங்கும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சளவு இடம்.
அவள் நிறுத்த, நான் அழுத்த.
அவள் நிறுத்த, நான் அழுத்த.
மூன்றாவதில் விசிறி பிடித்துக்கொண்டது.

இருநூற்றுப் பதினாலு சென்டிமீட்டர்.
சாயங்காலம் நூற்று அறுபது.
பாதையை மூடச் சொன்னேன்.
"கிழட்டு எந்திரம், உளறுது" என்று
தடுப்புக்காரனின் போனுக்குள் எசென்தூர் கத்தியது கேட்டது.

பனி சரியவில்லை.
அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.
பதினோரு பேரில் ஒன்பது பேர்
இன்னும் என்னோடு பேசுவதில்லை.

டிரையர் இப்போது என் அலமாரியில்.
வியாழன்தோறும் கடைக்கு எடுத்துப்போய்
இரவு திருப்பி வைக்கிறாள்.
சரக்கேட்டில் சேர்த்துவிட்டேன்:
ஹேர் டிரையர், ஒன்று.
என்ன உபயோகத்துக்கு என்று
தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது.
கடிதம் மேஜைமேல் கிடக்கிறது.
வெளியே முப்பத்தொன்று, அதுவும் கழித்தல்.